கிராம விளையாட்டு மைதானம்: தொண்டர்களைத் திரட்டி அமைக்கும் முறை

கிராமத்திற்குப் பள்ளிக்கூடம், குடிநீர், சாலை, கூட்டுறவுச் சங்கம் ஆகியவை வேண்டும் என்பதை இக்காலத்தில் எவரும் மறுப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று ஓர் இடம் வேண்டுமென்றால், "வயலும் வரப்பும் இருக்கும்போது தனி இடம் எதற்கு?" என்று கேட்போர் பலர். வயல் பிறர் உடைமை. களத்துமேட்டில் அறுவடைக் காலத்தில் நெல் காயும். ஏரிக்கரையில் ஆழம் உண்டு. சாலையிலோ லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓயாமல் ஓடுகின்றன. எஞ்சுவது கோயில் முற்றம். அங்கும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தடையின்றிப் புகுந்து விளையாட முடிகிறதா என்பதை ஒவ்வோர் ஊராரும் தத்தம் மனச்சாட்சியைக் கேட்டுக் கொள்ளல் வேண்டும்.

விளையாட்டு என்பது வீண்பொழுது அன்று. ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் விதி, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா 1992-இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் இன்றியமையாதது என விதித்துள்ளது. ஆகவே மைதானம் வேண்டுமா என்ற வினா முடிந்து போயிற்று. ஊராரே கூடித் தம் உழைப்பால் அதனை எங்ஙனம் அமைப்பது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

1. பிற நாடுகளின் அனுபவம்

குழந்தைகளின் விளையாட்டிடத்திற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை என்பதற்கு முதற்சான்று அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம். பெர்லின் நகரில் குழந்தைகளுக்கென மணற்குவியல்கள் வைக்கப்பட்டிருந்ததை டாக்டர் மேரி ஸக்ரெவ்ஸ்கா என்னும் பெண்மணி எடுத்துரைக்க, 1885-இல் பாஸ்டனில் ஒரு மணற்குவியல் கொட்டப்பட்டது. அந்நாட்டுப் பொது விளையாட்டிடங்களின் தொடக்கம் அதுவே என்பர்.

இரண்டாவது சான்று டென்மார்க் தேசத்தினது. 1943-இல் அந்நாடு ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த காலத்தில், கோப்பன்ஹேகன் நகரை அடுத்த எம்ட்ருப் என்னுமிடத்தில், தொழிலாளர்களின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கக் குடியிருப்பில் ஒரு புதுவகை மைதானம் தோன்றியது. பழைய பலகை, செங்கல், கயிறு, மண் ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைகள் தாமே கட்டியும் பிரித்தும் விளையாடினர். ஸோரன்ஸன் என்ற தோட்டக்கலை வல்லுநரின் கருத்து அது. அவர் அமைத்த அழகிய மைதானங்களைக் காட்டிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே பிள்ளைகள் விரும்பி விளையாடுவதைக் கண்டு அவர் அம்முடிவுக்கு வந்தார்.

மூன்றாவது சான்று 1995-இல் வாஷிங்டன் நகரில், ஏழைகள் மிகுந்த குடியிருப்பு ஒன்றில் அண்டை அயலார் கூடி அமைத்த மைதானம். அதனை முன்னின்று நடத்தியவர்கள் மறு வருடம் 'கபூம்' என்ற சங்கத்தை நிறுவினர். அவர்களுடைய முறை கவனிக்கத்தக்கது. முதலில் பிள்ளைகளையே கூட்டித் தாம் விரும்பும் மைதானத்தைப் படமாக வரையச் சொல்லுவர். அதன்பின் சில வாரங்கள் பொருளும் ஆளும் சேர்ப்பர். முன்னேற்பாடுகளை முடித்து வைத்து, ஒரே நாளில் பெருந்திரளான தொண்டர்களைக் கொண்டு வேலையை நிறைவேற்றுவர். ஒரு நாள் வேலையின் வெற்றி, அதற்கு முந்திய பல வார ஏற்பாட்டில் அடங்கியிருக்கிறது என்பதே இதிலிருந்து அறியத்தக்க பாடம்.

2. தொண்டு வேறு, வெட்டி வேறு

கூடி உழைப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதன்று. ஏரியையும் வாய்க்காலையும் குடிகளே பழுதுபார்க்கும் குடிமராமத்து நெடுங்கால வழக்கம். ஆனால் அவ்வழக்கத்தின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. 1858-ஆம் வருடத்துச் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அதனைச் சட்டத்தின் வலுக்கொண்டு கேட்டது. அன்றியும், ஊரின் கடைநிலையில் வைக்கப்பட்டோர் கூலியின்றிச் செய்த வெட்டி வேலையும் 'ஊர்ப் பொது வேலை' என்ற பெயராலேயே வழங்கி வந்தது. இந்திய அரசியலமைப்பின் 23-ஆம் விதி கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்துள்ளது.

ஆதலின் தொண்டர்களைச் சேர்ப்போர் நான்கு விதிகளை முதலிலேயே ஊரறியக் கூற வேண்டும்.

(அ) வருவது அவரவர் விருப்பம். வராதவருக்கு அபராதமோ பழிச்சொல்லோ இல்லை. தினக்கூலி கொண்டு பிழைப்பவர் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது. அவரை வரவில்லை என்று இகழ்வது தொண்டின் பெயரால் செய்யும் கொடுமை.

(ஆ) எல்லோருடைய மணியும் ஒரே மணி. ஆணின் ஒரு மணி நேரமும் பெண்ணின் ஒரு மணி நேரமும், நிலக்கிழாரின் ஒரு மணி நேரமும் கூலியாளின் ஒரு மணி நேரமும் பதிவேட்டில் சமமாகவே எழுதப்படும்.

(இ) இன்ன வேலை இன்ன தெருவார்க்கு என்று ஒதுக்குதல் கூடாது. முள் வெட்டுவது, குப்பை அள்ளுவது, குழி தோண்டுவது யாவும் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பகிரப்பட வேண்டும்.

(ஈ) தண்ணீர்க் குடம் ஒன்று; பந்தி ஒன்று. இதற்கு இசையாத ஊரில் மைதானம் அமைந்தாலும் அது ஒரு சாரார் மைதானமாகவே முடியும்.

இந்நான்கையும் ஏற்பதற்கு மனமில்லாவிடில், பணம் திரட்டிக் கூலிக்கு ஆள் வைத்துச் செய்வதே நேர்மையான வழியாகும்.

3. இடம் தேர்ந்தெடுத்தல்

இடத்தைப் பற்றிய விவரத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் பார்த்தறிய வேண்டும். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்ட பின்னர் இப்பதிவேடுகள் இவ்வலுவலரின் பொறுப்பில் உள்ளன. "எங்கள் தாத்தா காலத்திலிருந்து இது பொது இடம்" என்ற வாய்மொழியை மட்டும் நம்பி வேலை தொடங்கிய பின் பட்டாதாரர் வந்து நின்றால், தொண்டர்களின் உழைப்பு வழக்கில் மூழ்கிவிடும்.

ஏரி, குளம், வாய்க்கால் ஆகிய நீர்நிலைப் புறம்போக்கை எக்காரணத்தாலும் தொடக் கூடாது. வறண்டு கிடப்பதால் மைதானமாக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டுள்ளது. மழை வரும்போது நீரும் தன் இடத்தைக் கேட்கும்.

தகுந்த இடத்திற்கு வேறு இலக்கணங்களும் உண்டு. மேலே மின்கம்பி செல்லலாகாது. அருகில் திறந்த கிணறு இருப்பின் முதலில் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். பெரிய சாலையைக் கடக்காமல் வரத்தக்கதாய் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமானது யாதெனில், ஆதிதிராவிடர் குடியிருப்புப் பிள்ளையும் எவரிடமும் உத்தரவு கேளாமல் பொதுவழியாக நடந்து வரக்கூடிய இடமாய் அது இருத்தல் வேண்டும் என்பதே. தீண்டாமையை அரசியலமைப்பின் 17-ஆம் விதி ஒழித்தது. ஆயினும் பாதை எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தே பிள்ளையின் கால் முன்வரும் அல்லது பின்வாங்கும். இரு குடியிருப்புக்கும் நடுவே இடம் கிடைப்பின் அதுவே சிறந்தது.

4. கமிட்டி

ஒரே மனிதர் எல்லாவற்றையும் தலைமேல் ஏற்றுக் கொள்வதும், அவர் ஊரில் இல்லாத வாரத்தில் வேலை நின்றுபோவதும் பல ஊர்களில் காணும் குறை. எழுவர் கொண்ட கமிட்டி போதும். அதில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒருவரேனும் இடம்பெற வேண்டும். மூவரேனும் பெண்களாக இருக்க வேண்டும். தலைவர், காரியதரிசி, பொருளாளர், ஆள் சேர்ப்பவர், சாமான் பொறுப்பாளர், உணவும் நீரும் கவனிப்பவர், பிள்ளைகளின் கருத்தைக் கேட்டு எழுதுபவர் என எழுவர்க்கும் தனித்தனி வேலை குறித்தல் வேண்டும். வேலை குறிக்கப்படாத அங்கத்தினர் கூட்டத்திற்கு வருவார், மண்வெட்டி எடுக்கமாட்டார்.

ஊராட்சியின் சம்மதமும் கிராம சபையின் தீர்மானமும் எழுத்தில் இருக்க வேண்டும். பொதுமக்கள் ஒரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசு தரும் 'நமக்கு நாமே' போன்ற திட்டம் 1997-98-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதனையொத்த உதவி அவ்வருடத்தில் கிடைக்குமா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளலாம்.

5. உழைப்பைக் கணக்கிடுதல்

எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடாமல் "எல்லோரும் வாருங்கள்" என்று தண்டோராப் போடுவது தவறு. முதல் ஞாயிறு நூறு பேர் வந்து, கருவியின்றி நின்று திரும்புவர். அடுத்த ஞாயிறு பத்துப் பேர் கூட வரமாட்டார்கள். ஆகவே வேலையை அளந்த பிறகே ஆளை அழைக்க வேண்டும்.

உதாரணமாக, 40 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள இடத்தை எடுத்துக் கொள்வோம். இதன் பரப்பு 1,200 சதுர மீட்டர். சராசரி 10 சென்டிமீட்டர் மண் வெட்டிச் சமன் செய்ய வேண்டுமாயின் 120 கன மீட்டர் மண்ணாகும். பழக்கமில்லாத தொண்டர் காலை மூன்று மணி நேரத்தில் அரைக் கன மீட்டர் வெட்டிச் சுமப்பார் என்று வைத்துக்கொண்டால், இவ்வொரு வேலைக்கே 240 ஆள்-காலை தேவை. அஃதாவது நாற்பது பேர் ஆறு ஞாயிறு உழைக்க வேண்டும். இது தொண்டர்களின் ஊக்கத்தைத் தொடக்கத்திலேயே தின்றுவிடும். ஆதலின் சமன் செய்வதற்கு மண்வாரி யந்திரத்தை வாடகைக்கு அமர்த்திக் கைவேலைக்குரியவற்றைத் தொண்டர்க்கு விடுவதே சிக்கனம்.

எஞ்சிய வேலையின் மதிப்பீடு வருமாறு:

ஊஞ்சலடி மணற்குழி தோண்டல், சுமார் 14 கன மீட்டர் — 29 ஆள்-காலை
வேலிக்கால் குழி, சுற்றளவு 140 மீட்டருக்கு 3 மீட்டர்க்கு ஒன்றாக 47 குழி — 24 ஆள்-காலை
மரக்கன்றுக் குழி 20 — 10 ஆள்-காலை
மணல் சுமந்து பரப்பல் — 15 ஆள்-காலை
ஊஞ்சல் கால் நாட்டல், காங்கிரீட் — 10 ஆள்-காலை
வர்ணம் பூசல், கோடு இடல் — 12 ஆள்-காலை
மொத்தம் — 100 ஆள்-காலை

எனவே இருபத்தைந்து பேர் நான்கு ஞாயிறு வந்தால் வேலை முடியும். பெயர் கொடுத்தவர்களில் நால்வரில் ஒருவரேனும் வர இயலாமற் போவது இயல்பாகையால், முப்பத்தைந்து பெயர்களைப் பதிவு செய்து கொள்க. ஐவருக்கு ஒரு குழு. குழுவுக்கு ஒரு தலைவர். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு கடப்பாரை, இரண்டு மண்வெட்டி, மூன்று பாண்டு என முன்னாள் மாலையே பிரித்து வைக்க வேண்டும். இரவல் வாங்கிய கருவிகளில் உரியவர் பெயரைச் சுண்ணாம்பால் எழுதி வைத்தால் திரும்பக் கொடுக்கையில் சச்சரவு எழாது.

6. எட்டு வாரத் திட்டம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26 கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. அன்று தீர்மானம் நிறைவேற்றினால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடையும் பெரும்பாலும் முடிகின்ற மாசி, பங்குனி மாதங்களில் வேலை நடத்தலாம்.

முதல் வாரம்: நில ஆவணம் பார்த்தல், எல்லை அளந்து முளைக்குச்சி அடித்தல்.

இரண்டாம் வாரம்: பிள்ளைகளின் கூட்டம். அவ்விடத்திலேயே கோலமாவு கொடுத்து எங்கே எது வேண்டுமென்று தரையில் வரையச் செய்க. சிறுமிகளைத் தனியே ஒரு முறை கேட்க வேண்டும். சிறுவர்கள் முன் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். நடக்க இயலாத பிள்ளை ஊரில் இருப்பின் அக்குழந்தையையும் கேட்க வேண்டும்.

மூன்றாம் வாரம்: வரைபடமும் மதிப்பீடும்.

நான்காம் வாரம்: பொருள் சேர்த்தல், தொண்டர் பதிவு, யந்திரத்தால் சமன் செய்தல்.

ஐந்தாம் வாரம்: குழி தோண்டல், வேலிக்கால்.

ஆறாம் வாரம்: ஊஞ்சல் கால் நாட்டிக் காங்கிரீட் இடல். அதன்பின் ஏழு நாள் தவறாமல் நீர் ஊற்றி வர வேண்டும்.

ஏழாம் வாரம்: மணல் பரப்பல், மரக்கன்று நடல்.

எட்டாம் வாரம்: ஊஞ்சல் மாட்டல், வர்ணம், கோடு, பரிசோதனை.

பங்குனியில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொதுத் தேர்வு வருமாகையால் அவர்களைத் தொண்டுக்கு அழைத்தல் ஆகாது. கோடை விடுமுறைக்கு முன் மைதானம் தயாராகிவிடும்.

7. அளவுகளும் அபாயங்களும்

அன்பினால் அமைத்த ஊஞ்சலும் அளவு தவறினால் பிள்ளையின் மண்டையை உடைக்கும். கீழ்க்கண்ட அளவுகளைக் கொத்தனாரும் கொல்லரும் கட்டாயம் அனுசரிக்க வேண்டும்.

ஊஞ்சல்: ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் கூடாது. இரண்டுக்கும் இடையே 60 சென்டிமீட்டரும், ஊஞ்சலுக்கும் காலுக்கும் இடையே 75 சென்டிமீட்டரும் விடுக. சிறு பிள்ளைகளுக்குச் சட்டத்தின் உயரம் 1.8 மீட்டர் போதும். உயரத்தைப் போல் இருமடங்கு தூரம் முன்னும் பின்னும், 1.8 மீட்டர் இரு பக்கங்களிலும் வெற்றிடம் வேண்டும். சட்டத்தின் அகலம் 3 மீட்டராயின் மணற்பரப்பு 7.2 மீட்டருக்கு 6.6 மீட்டர். அதனை 30 சென்டிமீட்டர் ஆழம் நிரப்ப ஏறக்குறைய 14 கன மீட்டர், அஃதாவது 5 யூனிட் மணல் ஆகும். களியும் தூசியும் கலந்த மணல் இறுகிப் பாறை போலாகும், அது உதவாது. ஆற்றிலோ ஏரியிலோ தாமே அள்ளாமல், உரிமம் பெற்றவரிடம் ரசீதுடன் வாங்க வேண்டும். ஊஞ்சலடியில் காங்கிரீட் தளம் இடுவது அழகென்று கருதுவோர் உண்டு. அதைப்போன்ற ஆபத்து வேறில்லை.

இடைவெளி: ஏணி, கம்பி வேலி, படி ஆகிய எதிலும் 9 சென்டிமீட்டருக்கு மேற்பட்டு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த சந்து இருத்தலாகாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அதுவே.

சறுக்குமரம்: சராசரிச் சாய்வு 30 பாகைக்கு மேற்படலாகாது. தகரமாயின் வெயிலில் தோலைச் சுடும். ஆகவே வடக்கு நோக்கி, மர நிழலில் அமைக்க வேண்டும்.

பழைய டயர்: பாதி புதைத்து வைத்தால் ஏறி விளையாடலாம். ஆனால் உட்புறம் நீர் தேங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதில் முட்டையிடும். அடிப்பகுதியில் துளையிட்டு நீர் வடியச் செய்க. கம்பி வெளியே நீட்டிய டயரை விலக்குக.

ஆட்டக்களம்: சிறுவர் கபடிக்கு 11 மீட்டருக்கு 8 மீட்டர், ஆடவர்க்கு 13-க்கு 10, பெண்டிர்க்கு 12-க்கு 8. கைப்பந்துக் களம் 18-க்கு 9, சுற்றிலும் 3 மீட்டர் வெளி. பெரியவர்களின் பந்து சிறு குழந்தைகளின் பகுதியில் விழாதபடி நடுவே மரவரிசை அமைத்தல் நன்று. வேம்பும் புங்கமும் நிழலுக்கு ஏற்றவை. அரளி நஞ்சுள்ளது, நடலாகாது.

வாயிலிலிருந்து ஊஞ்சல் வரை ஒன்றரை மீட்டர் அகலத்திற்குத் திம்மிசு போட்டு இறுக்கிய சமபாதை இருப்பின் சக்கர நாற்காலியும் செல்லும்.

8. வேலை நாளின் ஒழுங்கு

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிக்க வேண்டும். வெயில் ஏறிய பின் நீட்டித்தால் அடுத்த வாரம் ஆள் குறையும். வந்தவுடன் பெயர், வந்த நேரம், குழு எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக. அன்றைய வேலை இன்னதென்று ஐந்து நிமிஷத்தில் சொல்லி விடுக. பிரசங்கம் வேண்டுவதில்லை. சிறுபிள்ளைகளைக் கருவிகளின் அருகே விடலாகாது. அவர்கள் கன்றுகளுக்கு நீர் ஊற்றட்டும். முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவசரத்திற்கு 108 எண்ணை அழைக்க வேண்டுமென்பதை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். சமையலும் குழந்தை பார்த்தலும் செய்தவர்களின் மணியும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவும் மைதான வேலையே.

முடிவில், இன்று எத்தனை குழி முடிந்தது, அடுத்த ஞாயிறு எது மீதி என்று கூறிக் கலைக. தம் உழைப்பின் பலனைக் கண்ணால் கண்டவரே மறுபடி வருவார்.

9. கணக்கு

தொண்டு வேலை நின்றுபோவது பெரும்பாலும் களைப்பினாலன்று, சந்தேகத்தினாலேயே. எவ்வளவு சிறு தொகையாயினும் ரசீது கொடுக்க வேண்டும். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும். வரவு செலவை ஒவ்வொரு வாரமும் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். பணம், சாமான், உழைப்பு என மூன்று பத்திகள் இருக்கட்டும். இரண்டு மூட்டை சிமெண்ட் தந்தவரும் நான்கு காலை உழைத்தவரும் ஒரே தாளில் காணப்படுவர். ஊஞ்சலில் நன்கொடையாளர் பெயரையோ கட்சி வர்ணத்தையோ தீட்டுதல் கூடாது. அப்படிச் செய்தால் மறுதரப்பார் பிள்ளைகள் அதில் ஏறத் தயங்குவர். மே 1-ஆம் தேதி கிராம சபையில் முழுக் கணக்கையும் வாசித்து ஒப்புதல் பெற வேண்டும்.

10. திறந்த பிறகு

திறப்பு விழாவுக்குப் பிரமுகரின் தேதியை எதிர்பார்த்து மைதானத்தைப் பூட்டி வைப்பதைவிட, பரிசோதனை முடிந்த அன்றே பிள்ளைகளை விடுவது மேல்.

தொண்டர் படை கலைந்துவிடலாகாது. குழுவுக்கு ஒரு வாரம் என முறைபோட்டு, சங்கிலியின் தேய்வு, கொக்கியின் வாய் விரிதல், ஆணியின் தளர்ச்சி, மணலின் ஆழம் ஆகிய நான்கையும் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். ஊஞ்சலடி மணல் கால் பட்டு ஒதுங்கிக் குழியாகும். வாரந்தோறும் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். பழுதான ஊஞ்சலில் 'பழுது' என்று எழுதி வைத்தால் எழுத்தறியாக் குழந்தை ஏறும். உடனே கழற்றி வைப்பதே முறை. மாலையில் பெரிய பையன்கள் களத்தைப் பிடித்துக் கொண்டு சிறுமிகளை விரட்டாதபடி, நேரம் வகுத்துப் பலகையில் எழுதி, கமிட்டியில் ஒருவர் முதல் சில மாதங்கள் மாலைதோறும் அங்கிருத்தல் வேண்டும்.

பாடச் சுருக்கம்

ஆவணம் பார்த்து இடம் தேர்க. வேலையை அளந்து ஆளை அழைக்க. கட்டாயம் கலவாத உழைப்பையே ஏற்க. அளவு தவறாமல் அமைக்க. கணக்கை ஊரறிய ஒட்டுக. கட்டிய கைகளே காத்து வருக.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் எந்தத் தெருப் பிள்ளைகள் இப்போது எங்கே விளையாடுகிறார்கள்? எங்கே விளையாட அஞ்சுகிறார்கள்?

2. உத்தேசித்த இடம் பதிவேட்டில் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது? பார்த்தவர் யார்?

3. தினக்கூலியை இழக்காமல் தொண்டு செய்ய எந்த நாளும் நேரமும் பொருந்தும்?

4. ஒரே குடத்து நீரை அருந்த நாம் அனைவரும் ஆயத்தமா?

5. ஒரு வருடம் கழித்து ஊஞ்சல் சங்கிலி தேய்ந்தால் அதனைக் கழற்றும் பொறுப்பு யாருடையது? அவர் பெயரை இன்றே எழுதுக.